மகாராணி கேட்ட வாக்கு

1919-ஆம் ஆண்டு ஜனவரி 19 அன்று ஜெர்மானியப் பெண்கள் தேசிய அளவிலான தேர்தலில் முதன்முறையாக வாக்குச்சாவடிக்குச் சென்றனர். அந்தத் தேர்தலில் 37 பெண்கள் தேசிய அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் சோஷலிசக் கட்சிகளைச் சேர்ந்தவர்கள். அதில் வியப்பில்லை, பெண்களின் வாக்குரிமைக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர்கள் அவர்கள்தாம். மன்னராட்சியையும் மரபையும் போற்றிய பழமைவாதக் கட்சியின் வரிசையிலும் மூன்று பெண்கள் அமர்ந்ததே வியப்பு. அவர்களில் ஒருவரான மார்கரெட்டே பேம், வீட்டிலிருந்தபடியே தையல் வேலை செய்து பிழைத்த ஏழைப் பெண்களுக்காகச் சங்கம் நடத்தியவர். அதே ஆண்டு டிசம்பரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்த நான்சி ஆஸ்டரும் கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்தவரே.

பெண்ணுரிமைக்குத் தயங்கித் தயங்கி வழிவிட்ட கட்சிகளே பெண் தலைவர்களை முன்னிறுத்தும் இந்த முரண், இந்தியாவிலும் நிகழ்ந்தது. இங்கே அதன் பெயர் காயத்ரி தேவி. அவர் பிறந்ததும் அதே 1919-இல்தான். மே 23 அன்று, லண்டனில்.

ஜெய்ப்பூர் மகாராணி என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அவருடைய அழகும் மெல்லிய ஷிஃபான் சேலையும் போலோ மைதானமும்தான். மூன்று முறை மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஓர் எதிர்க்கட்சி உறுப்பினர், நெருக்கடி நிலைக் காலத்தில் திகார் சிறையில் கிடந்த ஓர் அரசியல்வாதி என்ற செய்தி அந்தப் பளபளப்பில் மறைந்துபோனது. அவர் சார்ந்திருந்த கட்சியோ நம் சென்னையில் பிறந்த கட்சி. எனவே அவருடைய வாழ்க்கையைத் தமிழர்கள் அறிந்துகொள்வதற்குக் கூடுதல் காரணம் உண்டு.

காயத்ரி தேவியின் கதையை அவருக்கு முந்தைய மூன்று பெண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

தந்தைவழிப் பாட்டி சுநீதி தேவி, பிரம்ம சமாஜத் தலைவர் கேசவ சந்திர சென்னின் மகள். பெண்களின் திருமண வயதை உயர்த்தப் பாடுபட்ட கேசவர், 14 வயது நிரம்பாத தம் மகளை 1878-இல் கூச்பிஹார் இளம் மன்னருக்கு மணமுடித்தார். அதனால் சமாஜமே பிளவுண்டது. தாய்வழிப் பாட்டி பரோடா மகாராணி சிம்னாபாய், பர்தா முறையிலிருந்து வெளியே வந்தவர். 1927-இல் புணேயில் கூடிய அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் முதல் தலைவர். பாட்டனார் சாயாஜிராவ் கெய்க்வாட், 1906-இல் தம் சமஸ்தானம் முழுவதும் கட்டாயத் தொடக்கக் கல்வியைக் கொண்டுவந்தவர். இளைஞர் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயில உதவித்தொகை அளித்தவர்.

மூன்றாமவர் தாய் இந்திரா. குவாலியர் மகாராஜாவுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணத்தைத் தாமே முறித்துக்கொண்டு, தாம் விரும்பிய கூச்பிஹார் இளவரசர் ஜிதேந்திர நாராயணை 1913-இல் லண்டனில் மணந்தவர். 1922-இல் கணவர் இறந்தபோது அவருக்கு ஐந்து குழந்தைகள். மூத்த மகன் சிறுவன். எனவே 1936 வரை சமஸ்தானத்தின் ஆட்சிப் பொறுப்பை அவரே ஏற்று நடத்தினார். ஒரு பெண் அரசுக் கோப்புகளைப் பார்ப்பதும், அமைச்சர்களுக்கு ஆணையிடுவதும், குடிமக்களைச் சந்திப்பதும் காயத்ரி தேவிக்கு வீட்டில் அன்றாடக் காட்சிகள்.

சாந்திநிகேதனிலும் சுவிட்சர்லாந்திலும் லண்டனிலும் பயின்ற அவர், 1940 மே மாதத்தில் ஜெய்ப்பூர் மன்னர் இரண்டாம் மான்சிங்கை மணந்தார். அம்மன்னருக்கு ஏற்கெனவே இரு மனைவியர். இருவரும் ஜோத்பூர் அரச குடும்பத்தினர். மூன்றாவது மனைவியாகச் செல்வதில் தாய்க்கு மனக்குறை உண்டு. ஆயினும் தாம் விரும்பியவரை மணப்பதில் மகள் தாயைப் போலவே உறுதியாக இருந்தார்.

திருமணம் அவரைக் கொண்டுசேர்த்த இடம் வேறோர் உலகம். அங்கே உயர்குடிப் பெண்கள் திரைக்குப் பின்னால் வாழ்ந்தனர். ஏலக்காய்ப் பறிப்புக்காகப் பொழுது விடியும் முன்னரே போடிமெட்டு வழியாக மலையேறும் பெண்களைப் பார்த்து வளர்ந்த தேவாரம், போடிப் பகுதி மக்களுக்கு அந்தப் பர்தா வாழ்க்கையைக் கற்பனை செய்வதே கடினம். உழைக்கும் பெண்ணுக்குத் திரை கட்டுப்படியாகாது. செல்வமும் குலப்பெருமையும் சேர்ந்த இடத்தில்தான் திரை தடிமனாகத் தொங்கும்.

அந்தத் திரையை நேரடியாகக் கிழிக்க அவர் முனையவில்லை. 1943-இல் ஜெய்ப்பூரில் பெண்களுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். அரச குடும்பத்தோடு உறவும் தொடர்பும் கொண்ட பிரபுக்கள், தம் பெண்களை வேறு எந்தப் பள்ளிக்கும் அனுப்ப மறுத்தாலும், மகாராணியின் பெயரில் இயங்கும் பள்ளிக்கு அனுப்ப மறுக்க முடியாது. மரபின் மீதிருந்த மரியாதையையே மரபை மாற்றும் கருவியாக்கிய உத்தி அது. இன்றும் இந்தியாவின் பெயர்பெற்ற பெண்கள் பள்ளிகளில் ஒன்றாக அது விளங்குகிறது. அவருடைய பிற்கால அரசியலின் பலமும் பலவீனமும் இந்த ஒரு செயலிலேயே அடங்கியிருக்கின்றன. தம் பதவியின் மதிப்பைக் கொண்டு ஒரு நல்ல காரியத்தைச் சாதிக்க அவரால் முடிந்தது. பதவியின் மதிப்பு இல்லாமல் அதே காரியம் நடக்குமா என்ற கேள்வி மட்டும் எஞ்சி நின்றது.

விடுதலைக்குப் பின் சமஸ்தானங்கள் இந்திய ஒன்றியத்தில் இணைந்தன. 1949 மார்ச் 30 அன்று அகண்ட ராஜஸ்தான் உருவானது. மான்சிங் அதன் ராஜபிரமுகராக நியமிக்கப்பட்டார். இன்றைய ஆளுநர் பதவிக்கு நிகரானது அது. ஆட்சியை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக ஜெய்ப்பூர் மன்னருக்கு ஆண்டுக்கு 18 லட்சம் ரூபாய் மன்னர் மானியமாக நிர்ணயிக்கப்பட்டது. அரசியல் சட்டத்தின் 291-ஆவது பிரிவு அந்த மானியத்துக்கு உத்தரவாதம் அளித்தது. 1956-இல் மாநில மறுசீரமைப்போடு ராஜபிரமுகர் பதவி ஒழிந்தது. அதன் பின் சில ஆண்டுகளுக்குள் அவர்கள் வாழ்ந்த ராம்பாக் அரண்மனை விடுதியாக மாறியது.

அரண்மனைக்கு வெளியிலும் பெரிய மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ராஜஸ்தானின் நிலத்தில் பெரும்பகுதி ஜாகீர்தார்களிடம் இருந்தது. 1952-ஆம் ஆண்டின் ஜாகீர் ஒழிப்புச் சட்டம் அந்த நிலங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. உழவர்களுக்கு அது விடுதலை. ஆனால், சிறிய ஜாகீர்களை மட்டுமே நம்பியிருந்த எளிய ராஜபுத்திரக் குடும்பங்களுக்கு அது பிழைப்பின் முடிவு. இந்த மனக்கசப்பு ஓர் அரசியல் வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தது.

தேனி மாவட்ட வாசகர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். போடிநாயக்கனூர், கண்டமநாயக்கனூர், ஏரசக்கநாயக்கனூர் ஜமீன்கள் நம் பகுதியில் இருந்தவை. 1948-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன்தாரி முறையை ஒழித்தது. நிலம் ரயத்துவாரி முறைக்கு மாறியது. ஆனால், சட்டப் புத்தகத்தில் ஜமீன் முடிந்த அன்றே மக்கள் மனத்தில் அது முடிந்துவிடவில்லை. ஜமீன் வீட்டை அரண்மனை என்று அழைக்கும் வழக்கம் அதற்குப் பின்னும் நீடித்தது. அதிகாரம் போன பின்னும் மரியாதை தங்கிநிற்கும். அந்த மரியாதையை வாக்காக மாற்ற முடியுமா என்பதே ராஜஸ்தானில் எழுந்த கேள்வி.

அந்தக் கேள்விக்கு விடை காண உதவிய கட்சி சென்னையில் உருவானது. 1959 ஜனவரியில் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, கூட்டுறவுப் பண்ணை விவசாயமே எதிர்கால வேளாண்மை வடிவம் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நிலத்தின் மீது உழவனுக்குரிய உரிமை அடையாளமாக இருக்கும். உழவு பொதுவில் நடக்கும் என்பதே அதன் சாரம். இதை எதிர்த்து ராஜாஜியும் என்.ஜி. ரங்காவும் மினு மசானியும் சேர்ந்து, அவ்வாண்டு ஜூன் மாதம் சென்னையில் சுதந்திரா கட்சியை அறிவித்தனர். அப்போது ராஜாஜிக்கு வயது 80. தொழில் தொடங்கவும் பொருள் இறக்கவும் விரிவாக்கவும் அரசின் அனுமதிச் சீட்டுக்காகக் காத்து நிற்கும் முறையை அவர் இடைவிடாமல் சாடினார். குடும்பத்துக்கும் நிலத்துக்கும் தொழிலுக்கும் அரசிடமிருந்து பாதுகாப்பு வேண்டும் என்பது அக்கட்சியின் மையக் கருத்து.

பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்கட்சியின் வாதத்தைப் பணக்காரர்களின் புலம்பல் என்று ஒதுக்கிவிட முடியாது. சீனத்திலும் சோவியத் நாட்டிலும் கட்டாயக் கூட்டுப்பண்ணைகள் விளைவித்த துயரம் பின்னாளில் உலகறிந்த உண்மையானது. அனுமதிச் சீட்டு ஆட்சியின் பெரும்பகுதியை 1991-இல் காங்கிரஸ் அரசே கைவிட்டது. அதே வேளையில், நிலமே இல்லாதவனுக்கு நில உரிமைப் பாதுகாப்பு எதைத் தரும் என்ற கேள்விக்கு அக்கட்சியிடம் நிறைவான விடை இருக்கவில்லை.

காயத்ரி தேவி 1961-இல் இக்கட்சியில் சேர்ந்தார். 1957 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் போட்டியிட அழைப்பு வந்தும் அவர் ஏற்கவில்லை. ஆளும் கட்சியில் சேர்ந்திருந்தால் மானியமும் சலுகைகளும் மரியாதையும் பாதுகாப்பாக இருந்திருக்கும். முன்னாள் மன்னர்கள் பலர் அந்த வழியைத்தான் தேர்ந்தனர். மத்திய அரசிலும் மாநில அரசிலும் காங்கிரஸ் அசைக்க முடியாத வலிமையோடு இருந்த காலத்தில், இழப்பதற்கு இவ்வளவு வைத்திருந்த ஒருவர் எதிர்க்கட்சியைத் தேர்ந்தெடுத்தார் என்பதை அவருடைய விமர்சகர்களும் மறுக்க முடியாது.

1962 தேர்தலில் அவர் ஜெய்ப்பூர் மக்களவைத் தொகுதியில் நின்றார். கட்சியின் சின்னம் நட்சத்திரம். இந்தியில் மேடைப் பேச்சு அவருக்குப் பழக்கமில்லாதது. தொகுதியின் பெரும்பகுதி, சாலை வசதியற்ற வறண்ட கிராமங்கள். ஜீப்பில் புழுதி படியப் பயணம் செய்து, ஊர் ஊராகப் பேசினார். அரண்மனைக்குள் அடைந்து வாழ்ந்ததாகக் கருதப்பட்ட ஒரு பெண், கிராமத்துச் சாவடியில் பெண்கள் நடுவில் அமர்ந்து குடிநீரைப் பற்றியும் விலைவாசியைப் பற்றியும் கேட்டது அவர்களுக்குப் புதுமை. ஆண்டாண்டு காலமாக அரச குடும்பத்திடம் குடிகள் முறையிட்டுவந்த மண்ணில், அரச குடும்பமே குடிகளிடம் வந்து வாக்குக் கேட்டது.

பதிவான 2,46,516 வாக்குகளில் அவருக்குக் கிடைத்தவை 1,92,909. ஏறத்தாழ 78 விழுக்காடு. மக்களாட்சி நாடுகளில் அதுவரை எவரும் பெறாத வெற்றி என்று கின்னஸ் நூலில் அது இடம்பெற்றது. ராஜஸ்தான் சட்டப்பேரவையில் சுதந்திரா கட்சி 36 இடங்களைப் பெற்று முதன்மை எதிர்க்கட்சியானது. காயத்ரி தேவியின் மூத்தாள் மகன்களில் ஒருவரான பிருத்விராஜ் சிங் தௌசா தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். நாடு முழுவதும் அக்கட்சி வென்ற மக்களவை இடங்கள் 18.

இந்த எண்ணிக்கைகளை எப்படிப் படிப்பது? கூட்டுறவுப் பண்ணையை எதிர்த்தும் தொழில் உரிமத்தை எதிர்த்தும் ஜெய்ப்பூர்க் கிராமத்து மக்கள் ஒரு லட்சத்துத் தொண்ணூறாயிரம் வாக்குகளை அளித்தார்கள் என்று எவரும் நம்ப மாட்டார்கள். வாக்குச் சீட்டில் முத்திரை விழுந்தது நட்சத்திரத்தின் மீது. மனத்தில் இருந்தது அரியணை. ராஜாஜி சென்னையில் எழுதிய கொள்கை அறிக்கைக்கும் ஜெய்ப்பூரில் திரண்ட கூட்டத்துக்கும் இடையே பெரிய இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியை நிரப்பியது காயத்ரி தேவி என்ற ஒற்றை மனிதர்.

மக்களவையில் அவர் அலங்காரப் பொம்மையாக இருக்கவில்லை. 1962-இல் சீனப் படையெடுப்பின்போது, ஆயத்தமின்மைக்குப் பிரதமர் நேருவையே நேருக்கு நேர் பொறுப்பாக்கிப் பேசினார். நேருவோடு தனிப்பட்ட முறையில் அவருக்கு நல்லுறவு உண்டு. ஜெய்ப்பூரின் பழைய நகரம் சிதைக்கப்படுவது குறித்து அவர் எழுதிய கடிதத்துக்கு நேரு செவிசாய்த்ததும் உண்டு. நன்றியையும் எதிர்ப்பையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாத பண்பு அன்றைய அரசியலில் இருந்தது.

1964-இல் 17-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தபோது அதைச் சுதந்திரா கட்சி கடுமையாக எதிர்த்தது. எஸ்டேட் என்ற சொல்லின் பொருளை விரித்து, ரயத்துவாரிப் பட்டா நிலங்களையும் அதற்குள் கொண்டுவந்த திருத்தம் அது. தமிழகத்தில் சொந்தமாக உழும் சிறு விவசாயியின் நிலமெல்லாம் ரயத்துவாரிப் பட்டா நிலமே. அவன் சொந்தச் சாகுபடியில் வைத்திருக்கும், உச்சவரம்புக்கு உட்பட்ட நிலத்தை எடுத்தால் சந்தை மதிப்பில் இழப்பீடு தர வேண்டும் என்ற பாதுகாப்பு அத்திருத்தத்திலேயே இடம்பெற்றது. ஜமீன்தாரையும் பட்டாதாரையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது சரியா என்ற வினாவை எழுப்ப அன்று ஓர் எதிர்க்கட்சி இருந்தது. அந்த வினா தேவையற்றது என்று மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் எவரும் சொல்ல மாட்டார்.

1967 பொதுத் தேர்தல் சுதந்திரா கட்சியின் உச்சம். மக்களவையில் 44 இடங்களுடன் காங்கிரசுக்கு அடுத்த பெரிய கட்சியானது. தமிழகத்தில் தி.மு.க. கூட்டணியில் நின்று 20 சட்டப்பேரவை இடங்களை வென்றது. காயத்ரி தேவி ஜெய்ப்பூர் மக்களவைத் தொகுதியை மீண்டும் வென்றார். ஆனால், அதே தேர்தலில் மால்புரா சட்டப்பேரவைத் தொகுதியிலும் நின்ற அவர் காங்கிரசின் தாமோதர்லால் வியாசிடம் தோற்றார். ஐந்தாண்டுகளுக்கு முன் உலக சாதனை படைத்தவரை, அதே மாநிலத்து மக்கள் ஒரு சட்டப்பேரவைத் தொகுதியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அரியணையின் ஒளி எல்லா ஊர்களிலும் ஒரே அளவில் விழவில்லை. விழுந்த இடத்திலும் அது நிலையாக நிற்கவில்லை.

ராஜஸ்தானில் 184 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 89, பெரும்பான்மை இல்லை. சுதந்திரா, ஜனசங்கம், சுயேச்சைகள் சேர்ந்து ஆட்சி அமைக்க உரிமை கோரினர். ஆளுநர் சம்பூர்ணானந்தோ தனிப்பெரும் கட்சி என்ற அடிப்படையில் காங்கிரசின் மோகன்லால் சுகாடியாவை அழைத்தார். ஜெய்ப்பூரில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மார்ச் 13 அன்று குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. ஏப்ரல் இறுதியில் அது விலக்கப்பட்டபோது, இடைக்காலத்தில் அணி மாறியவர்களின் துணையோடு சுகாடியாவே முதலமைச்சரானார்.

வரலாற்றின் நகைமுரண் இங்கே கவனிக்கத்தக்கது. 1952-இல் சென்னை மாகாணத்தில் காங்கிரஸ் 375 இடங்களில் 152 மட்டுமே பெற்றிருந்தபோது, ஆளுநர் ஸ்ரீபிரகாசா ஆட்சி அமைக்க அழைத்தது அன்றைய காங்கிரஸ் தலைவர் ராஜாஜியைத்தான். பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே ஆளுநர் அதிகாரம் ராஜாஜியின் புதிய கட்சிக்கு எதிராகத் திரும்பியது. விதிகள் நமக்குச் சாதகமாக வளையும்போது பேசாமல் இருந்தால், அவை எதிராக வளையும்போது நம் குரலுக்கு வலு இருக்காது.

அதன் பின் வந்த ஆண்டுகள் இழப்புகளின் ஆண்டுகள். 1970 ஜூன் 24 அன்று இங்கிலாந்தில் போலோ ஆட்டத்தின்போது மான்சிங் மயங்கி விழுந்து மறைந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் மன்னர் மானிய ஒழிப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுக்கு ஒரு வாக்கு குறைந்து தோற்றது. அரசு உடனே குடியரசுத் தலைவர் ஆணை மூலம் மன்னர்களின் அங்கீகாரத்தை ரத்து செய்தது. அந்த ஆணையை உச்சநீதிமன்றம் டிசம்பரில் செல்லாததாக்கியது. 1971 தேர்தலில் பெரும் வெற்றி கண்ட இந்திரா காந்தி, அவ்வாண்டு இறுதியில் 26-ஆவது திருத்தத்தின் மூலம் மானியத்தை ஒழித்தார்.

எல்லா மன்னர்களின் மானியமும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 4.8 கோடி ரூபாய்தான். மத்திய அரசின் நிதிநிலை அறிக்கையில் அது மிகச் சிறிய தொகை. குடியரசில் பிறப்பால் வரும் வருமானம் நீடிக்கக் கூடாது என்ற கொள்கை நியாயமானது, அதை மறுப்பதற்கில்லை. அரசு எழுத்தில் அளித்த வாக்கைப் பின்னாளில் பெரும்பான்மையின் பலத்தால் அழிக்கலாமா என்பதும் நியாயமான கேள்வியே. இவ்விரண்டில் எந்த ஒன்றையும் கேலி செய்து தள்ளிவிட முடியாது.

அந்த 1971 அலையிலும் காயத்ரி தேவி மூன்றாம் முறையாக ஜெய்ப்பூரில் வென்றார். ஆனால், வாக்கு வித்தியாசம் ஒவ்வொரு தேர்தலிலும் சுருங்கிக்கொண்டே வந்திருந்தது. அவருடைய கட்சிக்கு மக்களவையில் மிஞ்சியவை 8 இடங்கள். 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974-இல் கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது. பதினைந்து ஆண்டுகளில் ஒரு கட்சி பிறந்து, வளர்ந்து, இரண்டாம் இடம்வரை சென்று, பெயரில்லாமல் போயிற்று.

1975 பிப்ரவரியில் ஜெய்ப்பூர் அரண்மனைகளில் வருமானவரிச் சோதனைகள் நடந்தன. ஜூன் 25 நள்ளிரவில் நெருக்கடி நிலை வந்தது. ஜூலை இறுதியில் டெல்லி வந்த காயத்ரி தேவி, எதிர்க்கட்சி வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்த மக்களவைக்குச் சென்றார். ஜூலை 30 அன்று அவர் கைது செய்யப்பட்டார். உடன் கைதானவர் மான்சிங்கின் மூத்த மகன் பவானி சிங். 1971 போரில் மகாவீர் சக்கரம் பெற்ற ராணுவ அதிகாரி. அந்நியச் செலாவணிப் பாதுகாப்பு, கடத்தல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரணையின்றிக் காவல். காரணமாகக் காட்டப்பட்டது, கணக்கில் காட்டப்படாத சொற்ப அளவு வெளிநாட்டுப் பணம். கடத்தல்காரர்களுக்காக 1974-இல் இயற்றப்பட்ட சட்டம், மறு ஆண்டே ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் மீது பாய்ந்தது.

திகார் சிறையில் அவர் ஐந்து மாதங்களுக்கு மேல் இருந்தார். குவாலியர் ராஜமாதா விஜயராஜே சிந்தியாவும் பின்னர் அங்கே கொண்டுவரப்பட்டார். ஒரு தலைமுறைக்கு முன் இந்திரா தேவி மணக்க மறுத்த குவாலியர் வீட்டின் மருமகளும், அந்த இந்திரா தேவியின் மகளும் ஒரே சிறையில் இருந்தனர். சுற்றிலும் சில்லறைத் திருட்டு முதலான குற்றங்களுக்காக அடைக்கப்பட்ட ஏழைப் பெண்கள். அவர்களுடன் சிறையிலேயே வளர்ந்துகொண்டிருந்த குழந்தைகளுக்கு எழுத்தும் விளையாட்டும் கற்பிக்க காயத்ரி தேவி ஏற்பாடு செய்தார். 1943-இல் பிரபுக்களின் பெண்களுக்காகப் பள்ளி தொடங்கியவர், 32 ஆண்டுகளுக்குப் பின் கைதிகளின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். முன்னதற்கு மகாராணி என்ற பெயர் தேவைப்பட்டது; பின்னதற்குத் தேவைப்படவில்லை.

உடல்நலம் குன்றிய நிலையில் 1976 ஜனவரியில் அவர் விடுவிக்கப்பட்டார். அவ்வாண்டே அவருடைய தன்வரலாற்று நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதை எழுதுவதில் அவருக்குத் துணைநின்றவர் சென்னையில் பிறந்த எழுத்தாளர் சாந்தா ராமா ராவ். 1977 தேர்தலில் காயத்ரி தேவி போட்டியிடவில்லை. அவரைச் சிறையில் வைத்த கட்சி தோற்ற தேர்தல் அது. நின்றிருந்தால் எளிதில் வென்றிருக்கலாம். அதற்குப் பிறகு தேர்தல் களத்துக்குத் திரும்பாமல், பள்ளிகளிலும் ஜெய்ப்பூரின் கைவினைத் தொழில்களிலும் கவனம் செலுத்தினார். ஒரே மகன் ஜகத் 1997-இல் இறந்த துயரையும் தாங்கி, 2009 ஜூலை 29 அன்று ஜெய்ப்பூரில் தமது 90-ஆம் வயதில் மறைந்தார்.

இந்த வாழ்க்கையை எப்படி மதிப்பிடுவது? அவர் பெண்ணுரிமைப் போராளி அல்லர். அப்படிச் சொல்லிக்கொண்டவரும் அல்லர். அரசியல் சிந்தனையாளரும் அல்லர். ஆனால், ராஜஸ்தான் போன்ற ஒரு நிலத்தில் ஒரு பெண் ஜீப்பில் நின்று ஆட்சியாளர்களைக் கேள்வி கேட்கலாம் என்பதை லட்சக்கணக்கான பெண்கள் தம் கண்ணால் கண்டனர். மார்கரெட்டே பேமைப் போலவே அவரும், பெண்களுக்குக் கதவைத் திறக்க விரும்பாத வீட்டின் உள்ளேயிருந்து கதவைத் திறந்தவர்.

அவருடைய கட்சி தோற்றதற்கான காரணமும் இந்த வாழ்க்கையிலேயே இருக்கிறது. சிறு விவசாயியின் நிலத்தையும் சிறு வணிகனின் கடையையும் காக்க வந்த கட்சி, வாக்குச் சேகரிக்க அரண்மனைகளை நம்பியது. வாக்குகள் வந்தன, ஆனால் கொள்கை வேர்விடவில்லை. குடும்பப் பெயருக்காக வந்த வாக்கு அந்தப் பெயரோடு வந்து, அந்தப் பெயரோடு போய்விட்டது. கட்டியணைத்துக் காக்கத் தொண்டர்கள் இல்லாததால், சரியென்று பின்னாளில் ஏற்கப்பட்ட பொருளாதாரக் கருத்துகளும் அன்று கேட்பாரற்றுப் போயின. தலைவர்களின் வாரிசுகளையும் திரை நட்சத்திரங்களையும் முன்னிறுத்தி வாக்கைத் திரட்டும் இன்றைய கட்சிகள் எல்லாவற்றுக்கும் இதில் எச்சரிக்கை உண்டு. கவர்ச்சி வாக்கைக் கொண்டுவரும். கட்சியைக் கட்டுவது கொள்கையும் கிளை அமைப்பும் உழைப்பும்தான்.

மற்றொரு பாடம் வாக்காளர்களாகிய நமக்கு. விசாரணையில்லாமல் ஒரு மகாராணியைச் சிறையில் அடைத்தபோது, அவருடைய செல்வத்தை நினைத்து அதைப் பொருட்படுத்தாமல் விட்டவர்கள் இருந்திருப்பார்கள். அதே சட்டமும் அதே அதிகாரமும் பெயரில்லாத எளியவன் மீது பாயும்போது அவனுக்காக எழுத எந்தப் பத்திரிகையும் இருக்காது. நமக்குப் பிடிக்காதவரின் உரிமையும் உரிமைதான் என்று ஏற்றுக்கொள்ளும் இடத்தில்தான் மக்களாட்சி தொடங்குகிறது. காயத்ரி தேவியின் அரசியலோடு உடன்படாதவர்களும் அவருடைய வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய செய்தி அதுவே.